கம்ப்ரசரின் மிஸ்டு கால்

காலையில் மற்றவர்களின் செல்போனில் ரோஜாப்பூவும் முருகனும் வந்து விழுகிறார்கள். என் செல்போனில் பூனைகள். "மேடம், நேற்றிலிருந்து இப்படியே உட்கார்ந்திருக்கிறது", "மேடம், திடீரென்று சீறுகிறது", "மேடம், சுவரையே வெறிக்கிறது" என்று இளம் மருத்துவர்கள் வீடியோ எடுத்து அனுப்புவார்கள். நான் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். ராசிபுரத்தில் தனி வீடு. வங்கியில் வேலை பார்த்த கணவர் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஆகவே ஒரு பூனை உட்கார்ந்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்க எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. பார்த்துவிட்டுப் பதில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும். பல நாட்களில் அந்தக் கட்டைவிரலோடு என் பேச்சுவார்த்தை முடிந்துவிடும்.

சேலத்தில் பூனைகளுக்கென்றே கிளினிக் வைத்திருக்கும் ஒரு பெண் போன வாரம், "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். பூனைக்கென்று தனி கிளினிக் வரும் என்று நாங்கள் படித்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். மாடு, எருமை, ஆடு, கோழி, மிஞ்சிப் போனால் பண்ணையார் வீட்டு நாய். பூனை என்பது தீவன குடோனில் எலி பிடிக்கும் சாமான். நாமக்கல் பக்கம் கோழிக்கு வைத்தியம் பார்ப்பதுகூடக் கோழிக்குப் பார்ப்பதல்ல, கொட்டகைக்குப் பார்ப்பது. ஒற்றைப் பிராணியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு என்ன குறை என்று யோசிப்பதை நான் வேலைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டது டாக்டர் மரகதவல்லியிடம். சேலத்தில் எனக்கு மேலதிகாரி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், கொங்குப் பேச்சின் 'ங்க' எல்லாம் அவர் வாயில் வராது, மரியாதைக்குக்கூட வராது. யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. டிபன் பாக்ஸை நின்றுகொண்டே காலி செய்வார். பூனையைக் கூடையில் கொண்டுவந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். கதவைச் சாத்துவார். கூடையை மேஜை மேல் வைத்து, பாதி மூடிய மாதிரி ஒரு துண்டைப் போட்டு, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வெளியே மாட்டுக்காரர்கள் முணுமுணுப்பது காதில் விழும். அவர் அசைய மாட்டார்.

பிறகு பூனைக்காரரிடம் ஒரு கேள்வி. "என்ன பண்ணுது" என்று கேட்க மாட்டார். "எதை நிறுத்திடுச்சு?" என்பார்.

கேட்டவர் விழிப்பார். வாந்தி எடுக்கிறது, கடிக்கிறது, கத்துகிறது என்று புதிதாக ஆரம்பித்ததைச் சொல்லத்தான் அவர் தயாராக வந்திருப்பார். "அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்மா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "மாடு வலிச்சாக் கத்தும். நாய் வந்து மூஞ்சியக் காட்டும். பூனை எதுவும் சொல்லாது. ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுடும். அதைக் கண்டுபிடி."

ஒரு அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் வெள்ளைப் பூனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவரை பச்சைக் குழந்தை மாதிரி இருந்தது, இப்போது தூக்கினால் கடிக்கிறது, வெறி பிடித்துவிட்டது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா என்றார்கள். டாக்டர் மரகதவல்லி தன் கேள்வியைக் கேட்டார். கடித்ததையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கிளம்பும் நேரத்தில் அந்த வீட்டு அம்மாள், "முன்னெல்லாம் பீரோ மேல ஏறிப் படுக்கும், இப்ப ஏறறதில்ல" என்றார். உடனே எக்ஸ்ரே. இடுப்பெலும்பில் விரிசல். பால்கனியிலிருந்து விழுந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. தானாக மேலே நடந்து வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் சோபாவுக்கு அடியில் படுத்திருக்கிறது. வெறியும் இல்லை, பேயும் இல்லை. தூக்கினால் வலித்தது, கடித்தது.

வாழப்பாடியில் இருந்தபோது வேறு மாதிரி. வாயில் நுரை தள்ள, உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஒரு பூனை வந்தது. செய்வினை என்று அதன் கழுத்தில் ஏற்கெனவே கறுப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். உடம்பை முகர்ந்து பார்த்தேன். மாட்டுக்கு உண்ணி மருந்து தடவியவர்கள் மிச்சத்தை வீணாக்குவானேன் என்று பூனைக்கும் தடவியிருக்கிறார்கள். மாட்டுக்கு ஆகும் மருந்து, நாய்க்கு ஆகும் மருந்து, பூனைக்கு எமன். சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, ஊசி போட்டு, ராத்திரி முழுக்கக் கதகதப்பாக வைத்திருக்கச் சொல்லி அனுப்பினேன். பிழைத்தது. கறுப்புக் கயிற்றால் பிழைத்தது என்றுதான் ஊரில் பேச்சு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் எழுதலாம். ஆனால் எழுது என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கம்ப்ரசர்தான்.

அப்போது புதுச்சத்திரத்தை ஒட்டிய ஒரு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். என் ஓய்வுக்கு முந்தைய கடைசி இடம் அது. உதவியாளர் செல்வராசு நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் நான் தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, பழனியப்பன் என்று ஒருவர் வந்து போனதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பழனியப்பனை எனக்கு முன்பே பார்த்துப் பழக்கம். போர்வெல் ரிக் வண்டியில் வடநாடெல்லாம் சுற்றியவர். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று இரண்டு காதும் போய்விட்டது. முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் உதட்டைப் படித்துக்கொள்வார். மனைவி இறந்தபோது அவர் மத்தியப் பிரதேசத்தில் எங்கோ துளை போட்டுக்கொண்டிருந்தார். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன்பிறகு ரிக்கை விட்டுவிட்டு, யாருமில்லாத வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். எங்கிருந்தோ ஒரு கடுவன் பூனை வந்து அதுவும் உட்கார்ந்தது.

அவர் வந்து, "பூனை வெளிய போக மாட்டீங்குதுங்க" என்று செல்வராசிடம் சொல்லியிருக்கிறார். செல்வராசு, "ஊர் சுத்தாம ஊட்லயே கெடந்தா நல்லதுதானுங்களே, சந்தோசப்படுங்க" என்றிருக்கிறார். பழனியப்பனுக்கு அது காதில் விழவில்லை. செல்வராசு சிரித்ததை மட்டும் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நம் ஊரில் 'வெளியே போவது' என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மலம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். மனிதன் விஷயத்தில் குழப்பம் வராது. பூனை நிஜமாகவே வெளியே போய் வருகிற பிராணி ஆயிற்றே. செல்வராசு அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. நாளைக் காலை முதல் வேலையாக அவரை வரச் சொல்லி ஆள் அனுப்புங்கள் என்றேன்.

மறுநாள் காலை அவரே வந்துவிட்டார். டி.வி.எஸ். வண்டியில், முன்னால் கோழிக்குஞ்சு வரும் அட்டைப்பெட்டி. காற்றுக்கு ஓட்டை போட்ட பெட்டி. ஓட்டை வழியாகச் சாம்பல் நிற மயிர் தெரிந்தது.

மின்விசிறியை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன். பெட்டியைத் தரையில் வைத்து மூடியைப் பாதி திறந்துவிட்டு, பழனியப்பன் எதிரில் உட்கார்ந்தேன். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்த்ததாகவும் ஒன்றும் அசையவில்லை என்றும் சொன்னார். முக்கி முக்கி உட்காருகிறதாம், ஒன்றும் வருவதில்லையாம்.

"ஏனுங்ணா, எதை நிறுத்திருச்சு?" என்றேன்.

அவருக்கு அந்தக் கேள்வி உடனே புரிந்தது. எத்தனையோ படித்தவர்கள் முழித்த கேள்வி. தனியாக இருக்கிறவருக்கு ஒரு ஜீவன் எதை நிறுத்தியது என்று தெரியாமல் இருக்குமா? டி.வி.எஸ். சத்தம் கேட்டால் வாசல் கேட் வரைக்கும் வந்து நிற்கும், வருவதில்லை. ராத்திரி அவர் நெஞ்சு மேல் ஏறிப் படுக்கும், படுப்பதில்லை. குளியலறை ஈரத்தரையில் போய்க் கிடக்கிறது.

"அப்புறம் இன்னொண்ணுங்க" என்று தயங்கினார். "என்ற படுக்கைல சொட்டுச் சொட்டா ஒண்ணுக்குப் போயிருச்சுங்க. கொழுப்பெடுத்துப் போச்சுன்னு வைதுட்டேன்."

கடுவன் பூனை கண்ட இடத்தில் சொட்டுச் சொட்டாகப் போனால் அது கொழுப்பல்ல. போக முடியாமல் போகிறது. பெட்டிக்குள் கைவிட்டு அடிவயிற்றைத் தொட்டேன். சாத்துக்குடி ஒன்றை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் மூத்திரப்பை கெட்டியாக இருந்தது. அடைப்பு. கழிவு போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் தாங்காது.

என் விரல் பட்டதும் பூனை அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தது. கதவருகே நின்ற செல்வராசு பின்வாங்கி நிலையில் இடித்துக்கொண்டார். பழனியப்பன் மட்டும் அதைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தபடி இருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பூனை இரண்டு நாளாக அந்தக் குளியலறையில் இப்படிக் கத்தியிருக்கிறது. கேட்க ஒருவரும் இல்லை.

"கையை வச்சுப் பாருங்க, கம்ப்ரசரு ஓடிட்டுத்தான் இருக்குது" என்றார் அவர். பூனையின் பெயர் அதுதான். அது கொர்கொர்ரென்று உறுமுவதை அவரால் கேட்க முடியாது, நெஞ்சில் அதிர்வதை வைத்துத் தெரிந்துகொள்வார். ஓடினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பழைய ரிக்காரரின் கணக்கு. பூனை சுகத்தில் மட்டுமல்ல, தாங்க முடியாத வலியிலும் உறுமும் என்று நான் சொன்னபோது அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"இதுவும் போயிருச்சுன்னா அந்த ஊட்டுக்குள்ள போறதுக்கே மனசு வராதுங்க" என்றார்.

நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்கு அனுப்பினால் வழியிலேயே பை வெடிக்கலாம். முதலில் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். அடிவயிறு வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சினேன். பால் கலக்காத கட்டன் டீ நிறத்தில் வந்தது. கொஞ்சமாக மயக்க மருந்து. பூனைக்கென்று குழாய் அந்த மருந்தகத்தில் கிடையாது, யார் கேட்டார்கள் வாங்கி வைக்க. கன்றுக்குட்டிக்கு டிரிப் ஏற்ற வைத்திருந்த ஊசிகளில் ஆகச் சின்னதை எடுத்து, உள்ளிருக்கும் இரும்பை உருவி எறிந்துவிட்டு, மேலுறையாக இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மட்டும் வைத்துக்கொண்டேன். பூனையின் மூத்திரத் துவார நுனியில் அடைத்திருந்ததை விரலால் நீவி, குழாயை மயிரிழை மயிரிழையாக உள்ளே செலுத்தி, சலைன் தண்ணீரைப் பீய்ச்சினேன். திரும்பி வந்தது. மறுபடி பீய்ச்சினேன். மறுபடி திரும்பி வந்தது. செல்வராசு பூனையின் இதயத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு துடிப்பை விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். தட்டு மெதுவாகிக்கொண்டே போனது. அன்றைக்கு அவர் வாய் திறக்கவேயில்லை.

பழனியப்பன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃப்ளஷிங்குங்களா?" என்றார்.

ஆழ்துளைக் கிணற்றில் சகதி அடைத்தால் கம்ப்ரசரால் காற்றடித்து வெளியேற்றுவதற்கு ரிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஆமாம் என்று தலையாட்டினேன். "ஒரேயடியா அழுத்தாதீங்க, உட்டு உட்டுக் குடுங்க. மண்ணு தானா எளகும்" என்றார். நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான். ஆனால் அந்த நேரத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்து அதைச் சொன்னது எனக்கு வேண்டியிருந்தது. விட்டு விட்டுக் கொடுத்தேன். கையில் தடை சட்டென்று விட்டது. மணல் மணலாகக் கழிவு வந்தது, பின்னாலேயே மூத்திரம் தாரையாக வந்தது. செல்வராசின் விரல் வேகமாகத் தட்டத் தொடங்கியது. மூன்று பேர் மேலும் மூத்திர வாடை. மூன்று பேரும் சிரித்தோம்.

டிரிப்பைத் தொங்கவிட்டபடியே செல்வராசைத் துணைக்கு அனுப்பி நாமக்கல் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

இந்த அடைப்பு ஒருமுறை வந்தால் மறுபடி வரும். அதனால் திரும்பி வந்தவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு தட்டில் மணல் வையுங்கள், தினமும் காலையில் பாருங்கள், நனைந்திருந்தால் எனக்கு ஒரு மிஸ்டு கால் விடுங்கள். நான் பார்த்தேன் என்பதற்கு அடையாளமாகத் திருப்பி ஒன்று விடுகிறேன். சட்டைப்பையில் அதிரும், உங்களுக்குத் தெரியும். உங்கள் கால் வராவிட்டால் மணல் நனையவில்லை என்று எடுத்துக்கொண்டு நானே வந்துவிடுவேன். "வழக்கம் மாறுச்சுன்னா பாக்கோணும், அவ்வளவுதானுங்ணா வைத்தியம்" என்றேன்.

காலையில் அடுப்புப் பற்றவைக்கும் நேரத்துக்கு ஒரு ரிங் வந்து நிற்கும். நான் ஒன்று விட்டு நிறுத்துவேன். கம்ப்ரசர் ஒன்றுக்குப் போய்விட்டது. பேச்சு கிடையாது, பேசினாலும் அவருக்குக் கேட்காது. "யாரு உனக்கு விடிஞ்சதும் மிஸ்டு கால்?" என்று என் கணவர் கேலி செய்வார். அவர் போன பிறகும் அது வந்தது. நான் ஓய்வு பெற்றபோது பழனியப்பன் ராசிபுரம் வீட்டைத் தேடி வந்து ஒரு பை நிலக்கடலை கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகும் வந்தது. சில நாட்களில் அந்த ஒரு ரிங்தான் வீட்டில் கேட்கும் மனிதச் சத்தம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் கட்டிக்கொண்டு, எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியாத காய்ச்சல். யாருக்கும் சொல்லவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் சுருண்டு கிடந்தேன். காலையில் ரிங் வந்தது. அப்புறம் விடலாம் என்று கண்ணை மூடினேன். மறுநாளும் வந்தது. அன்றைக்கு ஒன்றோடு நிற்கவில்லை. விட்டு விட்டு வந்துகொண்டேயிருந்தது.

மதியம் கேட்டை யாரோ ஆட்டினார்கள். யாரது என்று படுத்தபடியே குரல் கொடுத்தேன். பதில் இல்லை, ஆட்டுவதும் நிற்கவில்லை. அப்போதே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. படுத்துக்கொண்டு எத்தனை கத்தினாலும் பிரயோஜனமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் திறந்தேன். மழையில் நனைந்து பழனியப்பன் நின்றார். கையில், கேட்டில் தொங்கிய பையில் எடுக்காமல் கிடந்த பால் பாக்கெட்டுகள்.

"மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்றார். பதிலை என் உதட்டில் தேடாமல், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்டார். கஞ்சி குடித்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. கம்ப்ரசரைத் தனியாக விட்டுவிட்டு வந்தீர்களே, தண்ணீர் வைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அது போயிருச்சுங்க. போன வருச ஆடிலீங்க. வயசாயிருச்சு. என்ற நெஞ்சு மேல படுத்துட்டே ஓட்டத்த நிறுத்திருச்சுங்க."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக, செத்துப்போன பூனை ஒன்றுக்குப் போனதற்காகத் தினமும் காலையில் சந்தோஷப்பட்டிருக்கிறேன். நானும் ஒரு டாக்டர். அவர் முகத்தை என் பக்கம் திருப்பச் செய்து, அப்படியானால் அந்த மிஸ்டு கால் எதற்கு என்று கேட்டேன்.

"நீங்க திருப்பி ஒண்ணு உடறீங்கள்லங்க" என்றார். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டே, "பூனை போயிருச்சுன்னு சொன்னா நிறுத்திருவீங்களேன்னுதானுங்க சொல்லல" என்றார்.

அவர் விளக்கைப் போட்டுவிட்டு, மாத்திரையைத் தண்ணீரோடு பக்கத்தில் வைத்துவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரோணும், வாரேனுங்க என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்பே, அவரை முந்திக்கொண்டு நான் ஒரு ரிங் விட்டேன். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தது.